குழி நிரம்பினால் யார் வெட்டுவது?

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். 2013 இல் வீட்டுத்திட்டம் கிடைத்தபோது கட்டிய மலசலகூடம் இருக்கிறது. ஆனால் 68 வயதான மாமா இன்றைக்கும் விடியப்புறம் வயல்கரைப் பற்றைக்குத்தான் போகிறார். என் நாலு வயது மகனும் அப்பப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறான். குழி நிரம்பிவிடும் என்று மாமி சலம் கழிக்க ஒருவரையும் உள்ளே விடமாட்டா. மாரியில் குழி பொங்கி மேலே வருகிறது. கிணறு நாற்பது அடி தூரத்தில் இருக்கிறது. மகனுக்கு இந்த வருடம் மூன்று தடவை வயிற்றோட்டம் வந்துவிட்டது. வகுப்பில் படம் கீறிக் கீறிப் படிப்பிக்கிற எனக்கு என் வீட்டையே மாற்ற முடியவில்லை. இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டேன். "எப்படி விளங்கப்படுத்துவது" என்று கேட்கிறீர்கள். மாமாவுக்கு விளங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. அவர் ஏன் உள்ளே போவதில்லை என்று வீட்டில் யாராவது அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இந்த உத்தியோகத்துக்கு வந்த புதிதில் நானும் யாரிடமும் கேட்டதில்லை.

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் எனக்கு ஒட்டுசுட்டான் பக்கம் வேலை. தகரக் கொட்டிலுக்குள் இருந்த சனத்துக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக மலசலகூடம் கட்டி முடிந்துகொண்டிருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ற முறையில் வளவு வளவாகப் போய்ப் பார்ப்பேன். ஒரு வளவில் மலசலகூடக் கதவைத் திறந்தால், பீங்கானுக்கு மேலே பலகை போட்டு இரண்டு யூரியாப் பையும் ஒரு நெல் மூட்டையும் அடுக்கியிருந்தது. பீங்கான் கடையில் வாங்கின மாதிரியே இருந்தது. அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுக்கூட உரியவில்லை. அந்த வீட்டு அம்மம்மாவுக்கு அரை மணித்தியாலம் கிருமியைப் பற்றிச் சொன்னேன். அவ பொறுமையாகக் கேட்டா. பிறகு சொன்னா: "தம்பி, நீர் சொல்லுறதெல்லாம் சரி. இந்தக் குழி நிரம்பினா ஆர் வெட்டுறது? வீட்டில ஆம்பிளை எண்டு ஒருத்தரும் இல்லை."

அவவும் பேத்தியும்தான் அந்த வீட்டில். ஆறடிக் குழியை அவவால் வெட்ட முடியாது. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை. ஒரே ஒரு தடவை கிடைத்த பொருளைப் பாவித்து முடித்துவிடக்கூடாது என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தா. அரை மணித்தியாலம் நான் கதைத்த கதை அவவின் பயத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அடுத்த கிழமை ஒரு நீளத் தடியோடு போனேன். அயல் வீட்டில் நாலு பேர் ஒரு வருடமாகப் பாவித்த குழி இருந்தது. அதன் மூடியை விலக்கித் தடியை அடிமட்டும் விட்டு எடுத்துக் காட்டினேன். அடியில் கட்டியாகப் படிந்திருந்தது ஒரு சாண். அம்மம்மா தன் சாணைத் தடியில் வைத்துப் பார்த்தா. பிறகு குழியின் ஆழத்தைச் சாண் சாணாக மேலே எண்ணிக்கொண்டு போனா. "அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் நான் கண்மூடுமட்டும் காணும்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே யூரியாப் பையை வெளியே எடுத்தா. கிருமியைப் பற்றி அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மாமியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாமியின் பயம் பொய்ப் பயம் இல்லை. தண்ணீர் ஊற்றிப் பாவிக்கும் குழியில் ஓர் ஆளுக்கு ஒரு வருடத்தில் ஏறத்தாழ 40 லீற்றர் கழிவு படியும். மூன்றடி அகலமும் ஆறடி ஆழமும் உள்ள வளையக் குழி சுமார் 1200 லீற்றர் கொள்ளும். வன்னியில் வீட்டுத்திட்டத்தோடு வெட்டிய குழிகள் பலவும் இந்தக் கணக்குத்தான். மாமாவும் மகனும் வெளியே போவதால் உங்கள் வீட்டில் பாவிப்பது மூன்று பேர். வருடத்துக்கு 120 லீற்றர் என்றால் பத்து வருடம். 2013 இல் தொடங்கியதென்றால் கணக்கு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் குழி உண்மையிலேயே முடிகிற கட்டத்தில் இருக்கிறது. மாமி கணக்குப் போடாமலே சரியாகச் சொல்லியிருக்கிறா. அதை முதலில் அவவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவ பிழைவிட்டது ஒரே ஒரு இடத்தில்தான். சலம் குழியை நிரப்புவதில்லை. அது தண்ணீரோடு சேர்ந்து வளையத்தின் இடைவெளியால் மண்ணுக்குள் வடிந்துபோய்விடும். சலத்துக்கு உள்ளே போகாமல் அடக்கி வைத்திருப்பதாலும், போகவேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமல் விடுவதாலும் சலத்தொற்று கூடுதலாக வருவது பெண்களுக்குத்தான். நீங்களும் மாமியும் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டிய தேவையே இல்லை.

மாரியில் பொங்குவது இன்னொரு விஷயம். குழி நிரம்புவதையும் பொங்குவதையும் சனம் ஒன்றாகத்தான் கதைக்கும். கார்த்திகை, மார்கழியில் உங்கள் பக்கத்து நிலத்தடி நீர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியுமளவுக்கு ஏறிவிடும். கிணற்றில் ஏறும் அதே தண்ணீர்தான் குழியிலும் ஏறுகிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வளவில் கிணறும் குழியும் ஒரே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதில் கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் குழிப்பக்கம் ஓடினால் சொல்லி வேலையில்லை. குழியைச் சுற்றி மண் அணைத்து உயர்த்துங்கள், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணீரைக் குழிக்குள் விட்டிருந்தால் உடனே வாழையடிக்கு மாற்றுங்கள். இவ்வளவும் ஒரு சனி, ஞாயிறில் மண்வெட்டியோடு முடிகிற வேலை.

ஆனால் உங்களுக்கு உண்மையில் தேவை இரண்டாவது குழி. கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள். நாங்கள் பொதுவாகக் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்று சொல்வோம். கடற்கரைப் பக்கத்து மணல் நிலமானால் இன்னும் தள்ளிப் போகவேண்டும், மணல் எதையும் வடிகட்டாமல் விட்டுவிடும். உங்களுக்கு நாற்பதுதான் இருக்கிறது. பழைய குழியை இப்போதே நகர்த்த முடியாது, புதிய குழியை அறுபது, எழுபது அடிக்குக் கொண்டுபோகலாம். நிலம் தாழ்வு என்றால் ஆறடி தோண்டவேண்டாம். அகலமான வளையம் வாங்கி மூன்றடி தோண்டி, மேலே ஒன்றிரண்டு வளையத்தை நிலத்துக்கு மேல் எழுப்பிப் பூசி, சுற்றிவர மண்மேடு போடுங்கள். குழி உயர்ந்தால் பீங்கானின் தளத்தையும் உயர்த்தவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. இரண்டு படி வைத்து ஏறும் மலசலகூடமாக அது மாறும். பூநகரிப் பக்கத்திலும் கரையோரத்திலும் இப்படிக் கட்டிப் பார்த்திருக்கிறேன், மாரியிலும் வேலை செய்கிறது.

இரண்டு குழிக்கும் நடுவில் சின்னத் தொட்டி ஒன்று கட்டி, ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் கழிவு போகிற மாதிரி மற்ற வாயை அடைத்துவிடலாம். பழைய குழியை மூடி இரண்டு வருடம் விட்டால் உள்ளே இருப்பது மணமில்லாத மண்ணாகிவிடும். கோடையில் திறந்து, ஈரமில்லாமல் காய்ந்திருந்தால் மண்வெட்டியால் எடுத்துத் தென்னைக்குப் போடலாம். ஈரமாக இருந்தால் தொடவேண்டாம், திரும்ப மூடிவிடுங்கள். இப்போது பாவிக்கிற குழிக்குள் மட்டும் எந்த மனிதரையும் இறக்கவே கூடாது. கீழே தேங்கி நிற்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது, இறங்கியவர் மயங்கி விழ ஒரு நிமிடம்கூட எடுக்காது. தூக்கப் போகிறவரும் கூடவே விழுவார். அதை வெறுமையாக்க வேண்டி வந்தால் பிரதேச சபையின் கழிவு உறிஞ்சும் பவுசருக்குப் பதிந்து எடுப்பியுங்கள். அதையும் ஆவணி, புரட்டாதிக்குள் செய்யுங்கள். மாரி நடுவில் காசு கட்டி எடுப்பித்தால் இரண்டு நாளில் நிலத்தடி நீர் திரும்ப நிரப்பிவிடும், பிறகு மாமி உங்களைத்தான் பேசுவா.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மகனுக்கு மூன்று தடவை வயிற்றோட்டம் என்றால் இன்றைக்கே தொடங்கிக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் கொதித்தாறிய தண்ணீராக இருக்கட்டும். உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் சொன்னால் கிணற்று நீரின் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார், தேவையானால் குளோரின் போடுவார். வெள்ளம் வடிந்த பிறகு கேட்காமலே இறைத்துக் குளோரின் போடவேண்டும். 2009 இல் போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளத்து முகாம்களில் செங்கமாரி பரவியது நினைவிருக்கும். கூட்டம், தண்ணீர், கழிவு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று வன்னிச் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இப்போது மாமா.

செட்டிக்குளம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வன்னியில் வயதானவர்களிடம் மெல்லக் கதை கொடுத்தால் பலர் முகாமைத்தான் சொல்கிறார்கள். வரிசையாக நின்ற தகர அறைகள், வாளியோடு காத்து நின்ற விடியற்காலை, முன்னுக்குப் போனவர் விட்டுவிட்டு வந்த கோலம், ஈ. அவர்களுக்கு மலசலகூடம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடம். காற்று வருகிற பற்றைதான் சுத்தம். உங்கள் மாமாவுக்கும் அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. முழங்கால் நோவாக இருக்கலாம். 68 வயதில் குந்தி எழும்பப் பிடிமானம் வேண்டும். பற்றையில் ஒரு கொப்பைப் பிடிக்கலாம், பூசின சுவரில் எதைப் பிடிப்பது? இல்லாவிட்டால், சொல்லக் கூச்சமான காரணமாக இருக்கலாம். மலசலகூடம் குசினிக் கதவுக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். மருமகள் அடுப்படியில் நிற்கும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு அவ முன்னால் போய்க் கதவைச் சாத்துவது அந்தக் காலத்து மனிதருக்குச் சாவுக்குச் சமன். அதற்காகவே விடியமுன் எழும்பி வயலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

அதனால் நீங்கள் கேட்கவேண்டாம். உங்கள் கணவர் கேட்கட்டும். வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக் கேட்காமல், வரம்பில் நிற்கும்போது, தண்ணீர் கட்டிக்கொண்டு, போகிறபோக்கில். "அப்பா, உங்களுக்கு அதுக்குள்ள என்ன கரைச்சல்?" காணும். பதில் அன்றைக்கே வராது. நாலைந்து நாள் கழித்து வேறு கதையின் நடுவில் வரும்.

முழங்கால்தான் காரணம் என்றால் வேலை சுலபம். பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய் ஒன்றைப் பதித்துவிடுங்கள். பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிப் பீங்கானுக்கு மேலே வைத்துக் கொடுத்த வீடுகளும் உண்டு. கால் வழுக்காத, கை வைத்த கதிரையாக இருக்கவேண்டும். மணம்தான் காரணம் என்றால் பீங்கானின் கீழே உள்ள வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு சென்ரிமீற்றர் அளவு தண்ணீர் அதில் நின்றால் மணமும் ஈயும் மேலே வராது. கோடையில் பாவிக்காமல் விட்டால் அது வற்றிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும், அதைக் கிணற்றிலிருந்து அள்ளிக்கொண்டு வரவேண்டியிருந்தால் யாருக்கும் அலுக்கும். வாசலில் ஒரு பெரிய வாளி எப்போதும் நிரம்பியிருக்கட்டும், அதை நிரப்புவது உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும். அதிகமாகக் கிருமிநாசினி ஊற்றவேண்டாம், குழிக்குள் கழிவை உக்கவைக்கும் நுண்ணுயிர்களும் செத்துவிடும். கூச்சம்தான் காரணம் என்றால் குசினிப் பக்கம் மறைகிற மாதிரி ஒரு கிடுகு வேலி. உள்ளே கொளுக்கி வேலை செய்யவேண்டும். இரவுக்கு ஒரு சின்னச் சூரிய விளக்கு.

பாம்பு, யானை என்று பயம் காட்டலாமா என்று ஒரு சகோதரர் முன்பு எழுதிக் கேட்டிருந்தார். அந்தப் பயங்கள் உண்மைதான், விடியப்புறத்து வரம்பில் புடையன் கிடக்கும். ஆனால் நான் கண்டதைச் சொல்கிறேன். மீள்குடியேறிய முதல் வருடங்களில் பற்றைக்குள் மிதிவெடிப் பலகை நட்டிருந்தது. அப்போது சனம் ஒழுங்காக மலசலகூடம் பாவித்தது. வெடி அகற்றிப் பலகையைக் கழற்றின பிறகு அதே ஆட்களில் பாதிப்பேர் பற்றைக்குத் திரும்பினார்கள். மிதிவெடிக்கே அவ்வளவுதான். பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது.

வெட்கப்படுத்துவதைப் பற்றியும் கேட்பார்கள். 2000 ஆம் ஆண்டளவில் பங்களாதேசில் ராஜ்சாகிப் பக்கத்துக் கிராமமொன்றில் கமல் கர் என்பவர் ஒரு முறையைத் தொடங்கினார். மலசலகூடம் இலவசமாகக் கட்டிக்கொடுப்பதை விட்டுவிட்டு, ஊரவர்களையே சேர்த்து, யார் எங்கே போகிறார்கள் என்று நிலத்தில் வரைபடம் கீறவைத்து, அந்த இடங்களுக்கு நடந்துபோய்ப் பார்க்கவைத்தார். ஒரு தலைமயிரை மலத்தில் தொட்டு, தெளிந்த தண்ணீர்க் கோப்பைக்குள் விட்டுவிட்டு, "இதைக் குடிப்பீர்களா?" என்று கேட்பது அந்த முறையில் ஒரு பகுதி. மயிரைப் போல ஆறு கால் ஈக்கு உண்டு என்று சொல்லும்போது யாருக்கும் மிச்சம் சொல்லத் தேவையிருக்காது. அந்தக் கோப்பைத் தண்ணீர் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த முறை நாடு நாடாகப் பரவியபோது சில இடங்களில் ஆளைத் துரத்துவதும் விசில் ஊதுவதும் பெயர் சொல்லி அவமானப்படுத்துவதுமாக மாறியது. அது எனக்குச் சரியாகப் படவில்லை, வன்னியில் அறவே சரியில்லை. முள்ளுக்கம்பிக்குள் மற்றவர் பார்க்க வரிசையில் நின்ற மனிதர்களை இன்னும் யாரும் வெட்கப்படுத்த வேண்டியதில்லை.

மருந்தைக் கொடுத்தால் காணாதா என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1916 இல் றொக்பெல்லர் நிதியத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். இன்றைக்குத் தர்மபுரத்திலும் வவுனியாவிலும் இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் பாட்டன்மார் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. லயத்தைச் சுற்றியிருந்த மண் மாறவில்லை, அதனால் புழு திரும்ப ஏறியது. கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்காலின் தோலால் உள்ளே போகிற சாமான். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கியது. வீடு வீடாகப் போகிற எங்கள் உத்தியோகம் இன்றைய வடிவத்துக்கு வந்தது அந்த வழியால்தான். உங்கள் மகனும் வெறுங்காலோடு அப்பப்பாவின் பின்னால் போகிறான் என்றால், பூச்சிக் குளிசை கொடுத்தாலும் அடுத்த கிழமை அதே வரம்பில் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவான்.

மகனைப் பற்றி. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பீங்கான் எப்படித் தெரியும் என்று ஒருநாள் நீங்கள் முழங்காலில் நின்று அவன் உயரத்திலிருந்து பாருங்கள். கால் வைக்கும் இடம் அகலம், நடுவில் இருட்டான ஓட்டை, கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. நான் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு உள்ளே விழுந்துவிடுவேன் என்ற பயம். கதவைத் திறந்து வைத்துப் போகவிடுங்கள். கால் வைக்க இரண்டு செங்கல்லைச் சற்றுக் கிட்டவாக வையுங்கள். அதுவும் பயமென்றால் சட்டியில் இருக்கட்டும், ஆனால் சட்டியில் இருப்பதை வேலியோரம் வீசாமல் மலசலகூடத்துக்குள் ஊற்றுங்கள். "குழந்தைப் பீயில ஒண்டுமில்லை" என்று நம்மூரில் சொல்வார்கள். அது பிழை. வயிற்றோட்டம் அடிக்கடி வருவது பிள்ளைகளுக்குத்தான், நோய்க்கிருமி கூடுதலாக இருப்பதும் பிள்ளைகளின் மலத்தில்தான்.

அவனை யார் பழக்குவது? இந்த இடத்தில்தான் உங்கள் வீட்டுக்கு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வேலையை மாமாவிடம் கொடுங்கள். இதுவரை அந்த வீட்டில் அவர் திருத்தப்பட வேண்டிய ஆள். பேரனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று, தண்ணீர் ஊற்றக் காட்டிக்கொடுக்கிற ஆளாக அவரை ஆக்குங்கள். "மாமா, இவன் என்னோட வரமாட்டன் எண்டுறான், நீங்கள் கூட்டிக்கொண்டு போனால்தான் போவான்" என்று நீங்களே கேட்கலாம், அதில் கூச்சமில்லை. பொய்யுமில்லை, அவன் ஏற்கெனவே அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவன்தானே. ஒரு பிள்ளைக்காக அந்தக் கதவைப் பத்து நாள் திறந்து மூடினவர் பதினோராம் நாள் தனக்காகவும் திறப்பதை நான் ஒரு வீட்டிலல்ல, பல வீட்டில் பார்த்திருக்கிறேன். அவருடைய விடியற்காலை நடையை மட்டும் பறிக்காதீர்கள். வேப்பங்குச்சியோடு வயல் பார்க்கப் போவது அவருடைய நாளின் தொடக்கம். மலசலகூடத்துக்குப் போய்விட்டு நடக்கப் போகட்டும், அவ்வளவுதான்.

கை கழுவுவதற்கு வாசலிலேயே சவர்க்காரம் இருக்கவேண்டும். குசினியில் இருந்தால் எடுக்கப் போகமாட்டார்கள். வெளியே வைத்தால் காகம் கொத்திக்கொண்டு போய்விடும் என்று மாமி சொல்லுவா, அதுவும் உண்மை. சின்ன வெங்காயம் வருகிற வலைப்பைக்குள் சவர்க்காரத்தைப் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். பையோடு சேர்த்தே கையைத் தேய்க்கலாம், காகத்துக்கும் எட்டாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் மட்டும் வயிற்றோட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவு குறையும்.

கடைசியாக உங்கள் வகுப்பு. நீங்கள் கீறும் படத்தில் அழகான மலசலகூடம் இருக்கும். இடைவேளையில் பிள்ளை போகிற மலசலகூடம் எப்படி இருக்கிறது? நான் பரிசோதனைக்குப் போன ஒரு பாடசாலையில் மூன்று மலசலகூடத்துக்கும் பூட்டுப் போட்டிருந்தது. திறப்பு அதிபரின் லாச்சியில் இருந்தது. பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதில்லை என்று மருத்துவப் பரிசோதனையன்று எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் மெல்லமாகச் சொல்லியது. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை என்றும் சொல்லியது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு கொளுக்கி, மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டி. அந்தப் பிள்ளை மாதம் மூன்று, நாலு நாள் பாடத்தை இழந்தது இவ்வளவு இல்லாததற்காக. உங்கள் பாடசாலையில் திறப்பு எங்கே இருக்கிறது என்று நாளைக்குப் பாருங்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியை என்பதால் உங்களுக்குக் கேட்கிற உரிமை இல்லை என்று நினைக்கவேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துத் தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் எந்த அதிபரும் தட்டமாட்டார்.

படம் கீறுவதோடு அந்தக் கோப்பைத் தண்ணீரையும் ஒருநாள் வகுப்பில் செய்து பாருங்கள். மலம் வேண்டாம், சேறு காணும். ஒரு மயிர், கொஞ்சம் சேறு, தெளிந்த தண்ணீர். பிள்ளைகள் அன்றைக்குப் பின்னேரமே வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

சரி ரீச்சர், முதலில் செய்யவேண்டியது சனிக்கிழமை குழியின் மூடியை விலக்கி ஒரு தடியை விடுவது. முகத்தைக் குழிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், கிட்ட நெருப்பு எதுவும் வேண்டாம், மகனைத் தூர நிறுத்துங்கள். மாமியும் மாமாவும் கட்டாயம் பக்கத்தில் நிற்கவேண்டும். தடியை எடுத்தவுடன் எத்தனை சாண் என்று மாமியே அளக்கட்டும். அந்த எண்ணையும், வரம்பில் வைத்து மாமா சொன்ன காரணத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இரண்டாவது குழியை வளவில் எந்தப் பக்கம் வெட்டலாம், கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் கீறி அதோடு வைத்தால், ஐப்பசி மழைக்கு முதலே பதில் எழுதுகிறேன்.